இலக்கு 7, தற்போது 4: பாடசாலை முன்னேற்ற அறிக்கையை வாசிப்பது எப்படி

இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டில் இரண்டு அல்லது மூன்று முறை ஒரு முன்னேற்ற அறிக்கை வந்து சேர்கிறது. இடது பக்கத்தில் பாடங்களின் பெயர்கள், அவற்றுக்கு நேரே சில எண்கள், பச்சையும் சிவப்புமாகச் சில நிறங்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த எண்களை ஆண்டுத் தொடக்கத்தில் கணித்துப் பதிவேற்றும் பொறுப்பிலும், அவற்றை வகுப்பு வகுப்பாக நிரப்பும் கணித ஆசிரியர் என்ற நிலையிலும், பிற்பாடு என் பிள்ளைகளின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஆசிரியர்களின் முன்னால் அமரும் பெற்றோர் என்ற நிலையிலும் நான் இருந்திருக்கிறேன். மேசையின் இரு புறமும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: அருகருகே அச்சாகியிருக்கும் அந்த எண்கள் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை, அவற்றை ஒரே வகையாக எண்ணி வாசிப்பதால்தான் வீடுகளில் வீண் சண்டைகள் எழுகின்றன.

ஒரு பாடத்துக்கு நேரே "இலக்கு 7, தற்போது 4, எதிர்பார்ப்பு 5" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவற்றில் முதலாவது, பிள்ளை பதினொரு வயதில் எழுதிய சோதனையிலிருந்து பெரும்பாலும் ஒரு மென்பொருள் தந்தது. இரண்டாவது, அண்மைய வகுப்புச் சோதனைகளைப் பார்த்து ஆசிரியர் இட்டது. மூன்றாவது, இதே போக்கில் படித்தால், இடைநிலைப் பாடசாலையின் 11ஆம் ஆண்டின் முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுப் பரீட்சையில் (அதன் தரங்களில் 9 மிக உயர்ந்தது, 1 மிகத் தாழ்ந்தது) என்ன கிடைக்கக்கூடும் என்று அதே ஆசிரியர் கணித்தது. பெயர்கள் பாடசாலைக்குப் பாடசாலை மாறும். சில இடங்களில் இரண்டு எண்கள் மட்டுமே இருக்கும். தற்போதைய தரத்தில்கூட இரு வகை உண்டு. சில பாடசாலைகள் "இதுவரை கற்பித்த பகுதிகளில் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது" என்பதை எழுதுகின்றன. வேறு சில "இன்றே முழுப் பரீட்சையையும் எழுதினால் என்ன வரும்" என்பதை எழுதுகின்றன. பின்னைய முறையில், பாடத்திட்டத்தின் பாதியை இன்னும் கண்ணால்கூடக் காணாத 9ஆம் ஆண்டுப் பிள்ளைக்கு 3 என்று வருவது இயல்பு. அதைப் பார்த்து டியூசன் தேடத் தொடங்குவதற்கு முன்பு, அந்த எண் இந்த இரண்டில் எது என்று பாடசாலைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது.

இலக்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோரின் கற்பனைக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரம் இங்கேதான் அதிகம். ஆரம்பப் பாடசாலையின் கடைசி ஆண்டில், அதாவது 6ஆம் ஆண்டின் மே மாதத்தில், பிள்ளைகள் வாசிப்பு, இலக்கணமும் எழுத்துக்கூட்டலும், கணிதம் ஆகியவற்றில் தேசியச் சோதனை எழுதுகிறார்கள். எல்லோரும் இதைச் சாட்ஸ் என்றே அழைக்கிறார்கள். 2016 முதல் இதன் முடிவு 80க்கும் 120க்கும் இடைப்பட்ட ஓர் அளவுகோலில் தரப்படுகிறது. 100 என்பது அந்த வயதுக்கு எதிர்பார்க்கப்படும் மட்டம். இடைநிலைப் பாடசாலைக்கு இந்தப் புள்ளிகள் வந்து சேர்ந்ததும், அவை எஃப்எஃப்டி போன்ற பகுப்பாய்வுச் சேவைகளின் வழியாக, முந்தைய ஆண்டுகளில் இதே போன்ற புள்ளிகளுடன் தொடங்கிய பிள்ளைகள் ஜிசிஎஸ்இயில் என்ன பெற்றார்கள் என்பதோடு ஒப்பிடப்படுகின்றன. பிள்ளை ஆணா பெண்ணா, எந்த மாதத்தில் பிறந்தது என்பவையும் கணக்கில் சேரும், ஏனென்றால் ஓகஸ்ட் மாதத்தில் பிறந்த பிள்ளை அதே வகுப்பில் இருக்கும் செப்டெம்பர்ப் பிள்ளையைவிட ஏறத்தாழ ஒரு வயது இளையது.

இந்தக் கட்டத்தில் பாடசாலை நிர்வாகம் ஒரு தெரிவைச் செய்கிறது. நாட்டின் நடுத்தரப் பாடசாலை ஒன்றில் இந்தப் பிள்ளை பெற்றிருக்கக்கூடிய தரத்தை இலக்காக வைப்பதா, அல்லது முன்னேற்றத்தில் முதல் 20 சதவீதத்தில் நிற்கும் பாடசாலைகளின் மட்டத்தில் வைப்பதா என்பதே அது. முதல் 5 சதவீதத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. மென்பொருள் தந்ததற்கு மேல் ஒரு தரத்தைத் தாங்களாகவே கூட்டிவிடுபவர்களும் உண்டு. நான் அந்தப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில், நிர்வாகக் கூட்டத்தில் முடிவாகும் அந்தத் தெரிவைக் கணினியில் பதிந்ததும், ஓர் ஆண்டு மாணவர்கள் அனைவரின் இலக்குகளும் ஒரே நேரத்தில் மாறிவிடும். எந்தத் தனிப்பிள்ளையைப் பற்றியும் அங்கே யாரும் பேசுவதில்லை, பேசவும் நேரமில்லை. ஆசிரியர்கள் கூடி அமர்ந்து, "இந்தப் பிள்ளைக்கு என்ன வைக்கலாம்?" என்று ஆலோசித்து எழுதிய எண் அது என்று பெற்றோர் பலர் நம்புவதால் இதைச் சொல்கிறேன்.

பெற்றோர் சந்திப்புகளில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி, "ரீச்சர், இலக்கு எட்டு எண்டு போட்டிருக்கினம், அப்ப எட்டு வருந்தானே?" என்பதுதான். ஒரே தொடக்கப் புள்ளியுடன் வந்த பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே தரத்தில் வந்து நிற்பதில்லை. நடுவில் ஒரு கூட்டம் இருக்கும், இரு புறமும் இரண்டு மூன்று தரங்கள் தள்ளியும் கணிசமானோர் இருப்பார்கள். பல பாடசாலைகள் பயன்படுத்தும் மென்பொருள், ஒவ்வொரு தரத்துக்கும் உள்ள வாய்ப்பை ஒரு வரைபடமாகவே காட்டுகிறது. அறிக்கையில் அச்சாவது அதிலிருந்து எடுத்த ஒற்றை எண் மட்டும். எனவே, பாடசாலையில் அத்தகைய வரைபடம் இருந்தால் அதைக் காட்டும்படி கேளுங்கள். எட்டு என்று எழுதப்பட்ட இடத்தில் ஆறுக்கும் ஏழுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பெற்றோர், அதன் பிறகு பிள்ளையோடு பேசும் தொனியே மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

இந்த முறையின் பலவீனம் மிகத் தெளிவாகத் தெரிவது, சாட்ஸில் இடம்பெறாத பாடங்களில்தான். வாசிப்பிலும் கணிதத்திலும் பெற்ற புள்ளிகளின் சராசரியிலிருந்தே சித்திரம், இசை, பிரெஞ்சு, உடற்கல்வி ஆகியவற்றுக்கும் இலக்கு வகுக்கப்படுகிறது. இலட்சக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது அவற்றுக்கிடையே ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வயலின் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்கும், பேனாவைப் பிடித்தால் கோடு நேராக வராத இன்னொரு பிள்ளைக்கும் அந்தத் தொடர்பு எதையும் சொல்லாது. சித்திரத்தில் இயல்பான திறமையுள்ள ஒரு மாணவிக்கு, ஆறாம் ஆண்டுக் கணிதத் தாள் சரிவரவில்லை என்பதற்காக, சித்திரத்திலும் 4 என்ற இலக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியை விடயம் அறிந்தவராக இருந்ததால் எண்ணைப் பொருட்படுத்தவில்லை. பிள்ளையோ பொருட்படுத்தியது, "நான் சித்திரத்தில் நாலுதான்" என்று ஒரு தவணை முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தது. இத்தகைய பாடங்களின் இலக்கைத் தயங்காமல் ஒதுக்கிவைத்துவிட்டு, ஆசிரியரின் சொந்த மதிப்பீட்டைக் கேட்பதே சரி என்பது என் முடிவு.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2014 வரை தேசியப் பாடத்திட்டத்தில் மட்டங்கள் என்ற முறை இருந்தது. ஒவ்வொரு மட்டத்தையும் ஏ, பி, சி என்று மூன்றாக வெட்டி, பிள்ளை ஆண்டுக்கு இத்தனை துண்டுகள் ஏற வேண்டும் என்று பாடசாலைகள் கணக்குப் பார்த்தன. அரசு அந்த மட்டங்களை நீக்கியது. ஆனால் பழக்கம் நீங்கவில்லை. 2017இல் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 9 முதல் 1 வரையிலான புதிய ஜிசிஎஸ்இ தரங்கள் நடைமுறைக்கு வந்ததும், பல பாடசாலைகள் அவற்றையே 7ஆம் ஆண்டு வரை இழுத்துக்கொண்டு வந்து, தொடக்கப் புள்ளியிலிருந்து இறுதி இலக்கு வரை ஒரு நேர்கோட்டை வரைந்து, பிள்ளை அந்தக் கோட்டின் மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று நிறம் தீட்டத் தொடங்கின. கற்றல் நேர்கோட்டில் நடப்பதில்லை என்பது வகுப்பறையில் ஒரு மாதம் நின்ற எவருக்கும் தெரியும். பின்னங்களில் ஒரு தவணை முழுக்கத் தடுமாறிய பிள்ளை, இயற்கணிதம் தொடங்கியதும் திடீரென்று முன்னால் ஓடும், நேர்மாறாகவும் நடக்கும். பதினொரு வயதுப் பிள்ளையின் அறிக்கையில் "ஜிசிஎஸ்இ தரம் 2" என்று எழுதுவதற்கு உருப்படியான பொருள் எதுவும் கிடையாது. அந்தப் பரீட்சை அந்த வயதுக்கு எழுதப்பட்டதே அல்ல.

தரங்களை 5+, 5, 5− என்று மேலும் நறுக்கும் பாடசாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையான ஜிசிஎஸ்இ தரங்களே ஒரு தரம் முன்பின்னாகத்தான் நம்பத்தக்கவை என்று, பரீட்சைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவால் அமைப்பின் தலைமைப் பொறுப்பிலிருந்தவரே 2020இல் நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். பரீட்சையே அவ்வாறிருக்க, வகுப்புச் சோதனை ஒன்றிலிருந்து ஒரு தரத்தின் மூன்றிலொரு பங்கு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது தையற்காரரின் அளவுநாடாவால் தலைமுடியின் தடிமனை அளப்பதற்குச் சமம். கடந்த முறை 5+, இம்முறை 5 என்று வந்திருந்தால், அதில் பேசுவதற்கு எதுவும் இல்லை.

பாடசாலைகள் இலக்கை ஏன் உயர்த்தி வைக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, புரோகிரஸ் 8 என்ற அளவீட்டை அறிந்திருக்க வேண்டும். 2016 முதல் எல்லா அரச இடைநிலைப் பாடசாலைகளுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாணவரும் எட்டுப் பாட இடங்களில் பெற்ற தரங்களை, கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இரட்டை நிறை கொடுத்துக் கூட்டி, அதே சாட்ஸ் புள்ளியுடன் தொடங்கிய நாட்டின் மற்ற மாணவர்களின் சராசரியோடு ஒப்பிட்டு, பாடசாலைக்கு ஓர் எண் தரப்படுகிறது. பாடசாலைகளைத் தரப்படுத்த வகுக்கப்பட்ட அளவீடு இது. சராசரி எதுவென்பது அந்த ஆண்டின் பெறுபேறுகள் வந்த பிறகே தெரியும் என்பதால், ஒரு பிள்ளைக்கு முன்கூட்டியே இலக்கு வைக்க இதைப் பயன்படுத்த இயலாது. ஆயினும் பாடசாலையின் பெயர் இதில் தங்கியிருப்பதால், இதன் நிழல் எல்லா இலக்குகளிலும் விழுகிறது. கோவிட் காரணமாக 2020இலும் 2021இலும் சாட்ஸ் நடைபெறவில்லை. அந்தப் பிள்ளைகள் ஜிசிஎஸ்இ எழுதும் 2025, 2026 ஆண்டுகளுக்குப் புரோகிரஸ் 8 கணிக்க வழியில்லாமற் போயிற்று. சாட்ஸ் புள்ளி இல்லாத பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகள் 7ஆம் ஆண்டில் கேட் 4 எனப்படும் திறன் சோதனையை நடத்தி இலக்கு வைக்கின்றன.

இந்தச் சோதனை நம்மவர்களில் ஒரு பகுதியினருக்கு நேரடியாகப் பொருந்துவதால் அதில் சற்று நிற்கிறேன். இலங்கையிலிருந்தோ, பிரான்ஸ், ஜேர்மனி போன்ற நாடுகளிலிருந்தோ 8ஆம், 9ஆம் ஆண்டில் வந்து சேரும் பிள்ளைக்குச் சாட்ஸ் புள்ளி கிடையாது. புரோகிரஸ் 8 கணக்கிலும் அந்தப் பிள்ளை சேராது. இதனால் பாடசாலை கவனிக்காமல் விட்டுவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நெருக்கடி வரும்போது யாரைப் பற்றிய கேள்வி முதலில் எழும் என்பதை ஊகிக்கலாம். கேட் 4 சோதனையில் சொற்சார்ந்த பகுதி, எண்சார்ந்த பகுதி, சொற்சாராத பகுதி, இடஞ்சார்ந்த பகுதி என நான்கு உண்டு. ஒவ்வொன்றின் சராசரியும் 100. ஆங்கிலம் இப்போதுதான் கற்கத் தொடங்கிய பிள்ளை சொற்சார்ந்த பகுதியில் 80ஐ ஒட்டியும், எண்சார்ந்த பகுதியில் 115ஐ ஒட்டியும் பெறுவது எனக்குப் பழக்கமான காட்சி. இரண்டையும் சேர்த்துச் சராசரியாக்கி அந்த எண்ணிலிருந்து இலக்கு வைத்தால், அது பிள்ளையைப் பற்றிய உண்மை எதையும் சொல்லாத எண்ணாகிவிடும். ஆகவே, புதிதாக வந்த பிள்ளையின் பெற்றோர் நான்கு பகுதிகளின் புள்ளிகளையும் தனித்தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். எண்சார்ந்த பகுதி உயர்ந்திருந்தும் பிள்ளை கணிதத்தில் கீழ்மட்ட வகுப்பில் இருக்கிறது என்றால், அதைத் தாளோடு எடுத்துச் சென்று கணிதத் துறைத் தலைவரிடம் பேச முடியும். இத்தகைய வேண்டுகோளை ஏற்று வகுப்பு மாற்றிய துறைகளில் நான் பணியாற்றியிருக்கிறேன். கேட்காததால் ஈராண்டுகள் அதே வகுப்பில் இருந்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

இலக்கு தாழ்வாக வைக்கப்பட்டால் அறிக்கை முழுவதும் பச்சையாக இருக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். என் அனுபவத்தில் இதுவே மிகவும் ஆபத்தான அறிக்கை. ஐந்து என்ற இலக்கை 9ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்ட அமைதியான ஒரு பிள்ளை, அடுத்த ஈராண்டுகளையும் யாருடைய கண்ணிலும் படாமல் கழித்துவிடலாம். மறுபுறம், தாய் தந்தையர் இரவு வேலைக்குப் போயும் டியூசனுக்கு அனுப்பி, 6ஆம் ஆண்டில் சாட்ஸுக்கென்றே பிழிந்து பயிற்றுவித்த பிள்ளைக்கு, அந்தப் புள்ளியால் ஒவ்வொரு பாடத்திலும் 8, 9 என்று இலக்கு வரும். அது ஐந்து ஆண்டுகளும் சிவப்பு நிறத்திலேயே வாழும். நன்றாகப் படித்து 7 எடுத்தாலும் "இலக்குக்குக் கீழே" என்றுதான் எழுதப்படும். பதினொரு வயதில் புள்ளியை உயர்த்துவதற்காகச் செலவிடும் டியூசன் பணத்தின் பக்கவிளைவாக இதையும் கருத வேண்டும்.

முயற்சி, வீட்டுவேலை, நடத்தை ஆகியவற்றுக்கான பத்தியைப் பெரும்பாலான பெற்றோர் கடைசியாகப் பார்க்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஓர் ஆசிரியர் தன் வகுப்புகளின் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஓரிரு மாலைகளில் இதை நிரப்புகிறார் என்பதால், "நன்று" என்ற சொல்லுக்குத் தனியே பெரிய பொருள் இல்லை. எல்லாரும் "நன்று" என்றிருக்க ஒரே ஓர் ஆசிரியர் மட்டும் "முன்னேற வேண்டும்" என்று எழுதியிருந்தால், அவர் நேரம் எடுத்து எழுதியிருக்கிறார். அதேபோல், தரம் மாறாதிருக்கையில் மூன்று பாடங்களில் முயற்சி ஒரே தவணையில் சரிந்திருந்தால், பாடத்துக்கு வெளியே ஏதோ நடக்கிறது. அப்போது பாட ஆசிரியரை விட்டு வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் பேசுவதே பயன் தரும்.

பெற்றோர் சந்திப்பில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஐந்து நிமிடமே கிடைக்கும். இணையவழியில் நடந்தால் பல பாடசாலைகளில் நேரம் முடிந்ததும் திரை தானாகவே அணைந்துவிடும். ஊரில் தவணை அறிக்கையில் "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை" என்பது எழுதப்பட்டிருந்ததால், நம்மவர்கள் இங்கும் அதையே முதலில் கேட்கிறார்கள். இங்கே பெரும்பாலான ஆசிரியர்களிடம் அதற்குப் பதில் இல்லை, இரண்டு நிமிடமும் போய்விடும். அதைவிட, "இந்தத் தரம் எந்தச் சோதனையிலிருந்து வந்தது, அந்தத் தாளில் எந்தப் பகுதிகளில் புள்ளி போயிற்று, அடுத்த ஆறு வாரத்தில் எதைச் செய்தால் அது மாறும்?" என்று கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்வது நம்மிடையே சாதாரணம். "வீட்டுவேலை நான்கு முறை வரவில்லை" என்று நான் சொன்னது, எனக்குத் தமிழ் தெரியாதென்று நினைத்த ஒரு மாணவனால் "நல்லாப் படிக்கிறன் எண்டு சொல்லுறா" என்று தாயிடம் சேர்க்கப்பட்டதை நேரில் கேட்டிருக்கிறேன். சிரிப்பாக இருந்தாலும், எத்தனை மேசைகளில் இது நடக்கிறதோ. நம்பிக்கையான உறவினர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும் பாடசாலைகளும் உண்டு.

அறிக்கைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று வருந்துபவர்களுக்கு ஒன்று: முன்பு ஆண்டில் ஆறு முறை எண்கள் திரட்டிய பாடசாலைகள், 2018இல் ஆசிரியர் பணிச்சுமை பற்றிய ஆலோசனைக் குழு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் தேவையில்லை என்று கூறிய பிறகு அதைக் குறைத்தன. 2019 முதல், பாடசாலைகளை ஆய்வு செய்யும் ஒஃப்ஸ்டெட் அமைப்பின் கண்காணிப்பாளர்களும் பாடசாலையின் உள்ளக முன்னேற்றத் தரவுகளைப் பார்ப்பதில்லை. இதில் பிள்ளைக்கு நட்டமில்லை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் எழுத்து அறிக்கை தருவது பாடசாலையின் சட்டக் கடமை. இடையில் தேவைப்பட்டால் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

காலத்தைப் பற்றி மட்டும் கவனமாக இருங்கள். கணிதத்தில் ஜிசிஎஸ்இ தாள் அடிப்படை நிலை, உயர்நிலை என இரு வகை. அடிப்படை நிலையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5க்கு மேல் கிடைக்காது. விஞ்ஞானத்திலும் இந்த இரு நிலைகள் உண்டு. 11ஆம் ஆண்டுக்குப் பின்வரும் 6ஆம் படிவத்தில் கணிதமோ விஞ்ஞானமோ உயர்தரத்துக்கு எடுக்க விரும்பும் பிள்ளைக்கு இந்தத் தெரிவே வாசலைத் திறப்பதும் மூடுவதும். 11ஆம் ஆண்டின் மாதிரிப் பரீட்சைகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் நடந்து, அறிக்கை ஜனவரி அளவில் வருகிறது; பரீட்சைக்கான பதிவு பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் முடிகிறது. மாதிரிப் பரீட்சையின் அறிக்கை கைக்கு வந்த வாரமே, அதிலுள்ள நிறங்களை விட்டுவிட்டு, பிள்ளை எந்த நிலையில் பதிவாகப்போகிறது என்று பாட ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். அந்த நிலையை மாற்றுவதற்கான காரணங்களை மார்ச் மாதத்துப் பெற்றோர் சந்திப்பில் எடுத்துச் சொல்லும் பெற்றோருக்கு, நாங்கள் கொடுக்கக்கூடிய பதில் மிகவும் குறைவு.